பைபாஸுக்குப் பணம் தந்தீர்கள், குடல் முறுக்கியதற்கு இல்லை என்கிறீர்கள்

அனுப்புநர்:
பாலிசிதாரர் (பெயர், முகவரி, பாலிசி எண் இணைப்புத் தாளில்),
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
மருத்துவக் காப்பீட்டு நிறுவனம், தலைமை அலுவலகம்.

நாள்: 14.08.2025

பொருள்: அவசரக் குடல் அறுவைக்கான ரூ. 3,12,480 கிளெய்மை மறுத்தது குறித்த புகார்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

ஜூலை மாதம் வந்த உங்கள் மறுப்புக் கடிதத்தில் காரணம் ஒரே வரியில் இருக்கிறது: ‘உடல் பருமன், எடைக் கட்டுப்பாடு தொடர்பான சிகிச்சை என்பதால் விலக்கு எண் 06-ன்படி வழங்க இயலாது.’ ஜூன் மாதம் எனக்கு நடந்தது எடை குறைப்புச் சிகிச்சை அல்ல. சிறுகுடல் முறுக்கி, ரத்த ஓட்டம் நிற்கப்போகும் நிலையில் நள்ளிரவில் செய்த அவசர அறுவை. எடைக்கான இரைப்பை பைபாஸ் ஆபரேஷன் 2021-லேயே முடிந்துவிட்டது. அதற்குப் பணம் கொடுத்தது யார் என்று கோப்பைப் புரட்டிப் பாருங்கள். நீங்கள்தான்.

2015 முதல் ஒரு வருடமும் விடாமல் இந்தப் பாலிசியைப் புதுப்பித்து வருகிறேன். தையல் கடை வருமானம்தான். 2021-ல் என் எடை 112 கிலோ, உயரம் 159 செ.மீ., உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் பி.எம்.ஐ. 44. இன்சுலின் போட்டும் சர்க்கரை அடங்கவில்லை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்ததால் முகமூடி மெஷின் மாட்டாமல் படுக்க முடியாது. இந்த ரிப்போர்ட்டுகளையெல்லாம் உங்கள் டாக்டர் குழு ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிப் பார்த்து, திருப்தியான பிறகே ரூ. 2,60,000 அனுமதித்தது. அந்த அனுமதிக் கடிதத்தின் நகலை இணைத்திருக்கிறேன்.

விலக்கு எண் 06 என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2019 செப்டம்பரில் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக வகுத்துக் கொடுத்த வாசகம். எடை குறைப்பு அறுவை எதற்குமே பணம் கிடையாது என்று அது சொல்லவில்லை. சில நிபந்தனைகளுக்கு உட்படாத அறுவைக்குத்தான் கிடையாது என்கிறது. டாக்டர் பரிந்துரைத்திருக்க வேண்டும், மருத்துவ நெறிமுறைப்படி நடந்திருக்க வேண்டும், 18 வயது ஆகியிருக்க வேண்டும், பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 35 முதல் 40 வரை என்றால் கூடவே இதய நோயோ, கடுமையான தூக்க மூச்சுத்தடையோ, கட்டுப்படாத சர்க்கரையோ இருக்க வேண்டும். இவை எல்லாம் எனக்குப் பொருந்தின என்று 2021-ல் கையெழுத்துப் போட்டுத் தந்தது உங்கள் நிறுவனம். நிபந்தனைக்கு உட்பட்டது என்று நீங்களே ஏற்றுக்கொண்ட அறுவையின் பின்விளைவை, உட்படாதவர்களுக்கான விலக்கைக் காட்டி மறுக்கிறீர்கள். என் புகார் இதுதான். மற்றதெல்லாம் இதன்மேல் நீங்கள் அடுக்கிய சங்கடங்கள்.

கிளெய்மைப் பார்த்தவருக்கு இந்த அறுவையைப் பற்றித் தெரியவில்லையோ என்ற சந்தேகத்தால் கொஞ்சம் எழுதுகிறேன். பைபாஸில் இரைப்பையின் மேல்பகுதியை மட்டும் சின்னப் பையாகப் பிரித்து, சிறுகுடலைக் கொண்டுவந்து அதில் நேராக இணைக்கிறார்கள். அப்படிக் குடலை இடம் மாற்றும்போது அதைத் தாங்கும் சவ்வில் இடைவெளிகள் உண்டாகும். தைத்து மூடுவார்கள். ஆனால் உடம்பு இளைக்கும்போது சவ்விலுள்ள கொழுப்பும் கரைந்துவிடும். ஆள் மெலிந்தபின் பழைய ஜாக்கெட் தொளதொளப்பதைப்போல அந்த இடைவெளி பெரிதாகும். குடல் அதற்குள் நுழைந்து முறுக்கிக்கொள்ளும். டாக்டர்கள் இதை இன்டர்னல் ஹெர்னியா என்கிறார்கள். ஆபரேஷன் நடந்து வருடங்கள் கழித்தும் வரும். அறுவை சரியாக நடந்து, சொன்ன எடை சொன்னபடி குறைந்தவர்களுக்கும் வரும். நான் 71 கிலோவுக்கு வந்திருந்தேன்.

சில வாரங்களாகவே சாப்பிட்டதும் தொப்புளுக்கு மேலே பிடித்து இழுக்கும், பிறகு விட்டுவிடும். உள்ளூரில் காஸ் என்று ஊசி போட்டார்கள். ஜூனில் ஒருநாள் சாயங்காலம் பிடித்தது விடவில்லை. பச்சைத் தண்ணீரும் வாந்தியாக வந்தது. பைபாஸ் செய்த சர்ஜனுக்கு என் வீட்டுக்காரர் போன் போட்டார். “எக்ஸ்ரே எடுத்து நேரத்தைப் போக்காதீர்கள், உடனே இங்கே வாருங்கள், சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும்” என்றார். கொட்டுகிற மழையில் களியக்காவிளை தாண்டி, நெய்யாற்றின்கரை நெரிசலில் ஊர்ந்து, திருவனந்தபுரம் போய்ச் சேர்ந்தோம். ஸ்கேனில் குடலின் ரத்தக்குழாய்கள் சுழி போலத் திருகிக் கிடந்தன. அன்று இரவே திறந்தார்கள். விடியும்வரை விட்டிருந்தால் கறுத்துப்போன குடலை வெட்டி எடுக்க வேண்டி வந்திருக்கும் என்று டிஸ்சார்ஜ் குறிப்பில் எழுதியிருக்கிறது. உங்களிடமும் அந்தத் தாள் இருக்கிறது.

இதற்கு உங்கள் முதல் கேள்வி: ‘அவசர சிகிச்சைக்கு ஏன் வேறு மாநிலம் சென்றீர்கள்?’ தக்கலையிலிருந்து திருவனந்தபுரம் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். சென்னை எழுநூறு. 1956 நவம்பர் 1 வரை நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தவர்கள்; எல்லைக்கோடு மாறினாலும் உடம்புக்கு முடியவில்லை என்றால் இந்தப் பக்கத்து ஜனம் வண்டியைத் திருப்புவது அந்தத் திசைக்குத்தான். நாகர்கோவிலில் நல்ல ஆஸ்பத்திரிகள் இல்லாமல் இல்லை. என் வயிற்றின் புது வழித்தடம் தெரிந்த சர்ஜன் திருவனந்தபுரத்தில் இருந்தார், அவ்வளவுதான். பாலிசி இந்தியா முழுவதற்கும் என்று முதல் பக்கத்திலேயே நீங்கள்தான் அச்சடித்திருக்கிறீர்கள்.

இரண்டாவது கேள்விதான் என்னைப் பேனாவை எடுக்க வைத்தது. விடாமல் வாந்தி எடுத்தவள் என்பதால் அட்மிட் ஆனதும் தையமின் ஊசி போட்டார்கள். பைபாஸ் ஆனவர்கள் வாந்தி எடுத்தபடி இருந்தால் பி1 வைட்டமின் சட்டென்று தீர்ந்து மூளையையும் நரம்பையும் தாக்கும் என்பதால், குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பே அதைப் போடுகிறார்கள். பில்லில் அந்த ஊசியின் பெயரைப் பார்த்துவிட்டு, ‘நோயாளிக்கு மதுப்பழக்கம் உண்டா, எத்தனை வருடங்களாக என்று சிகிச்சை அளித்த மருத்துவரிடம் சான்று பெற்று அனுப்பவும்’ என்று எழுதியிருந்தீர்கள். குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கும் அதே ஊசி போடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். அதற்காக, ஐந்து பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுத்துக்கொண்டு கடை நடத்தும் பெண்பிள்ளை, தான் குடிப்பதில்லை என்று சான்றிதழ் வாங்க வேண்டுமா? டிஸ்சார்ஜ் குறிப்பின் இரண்டாம் பக்கத்தில் ஊசிக்கான காரணம் இருக்கிறது. படிக்கவில்லை. சர்ஜன் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாவது, இரும்புச்சத்து ஊசி. அட்மிட் ஆனபோது என் ஹீமோகுளோபின் 7.1. உணவிலுள்ள இரும்பை உடம்பு பெரும்பாலும் இழுத்துக்கொள்வது சிறுகுடலின் முதல் பகுதியில். பைபாஸில் சாப்பாடு அந்தப் பகுதியைத் தொடாமலே போகிறது. முருங்கைக்கீரையும் மாத்திரையும் வருடக்கணக்காகத் தின்றும் எனக்கு ஏறவில்லை. வார்டிலேயே நரம்பு வழியாக ஏற்றினார்கள். அதை ‘வைட்டமின், சத்து மருந்து’ என்று தனியாகப் பிரித்து மறுத்திருக்கிறீர்கள். உள்நோயாளி சிகிச்சையின் பகுதியாக டாக்டர் எழுதிக் கொடுத்தால் அந்த விலக்கு பொருந்தாது என்று அதே வாசகத்தின் கடைசியில் இருக்கிறது. விலக்கு எண் 14. தயவுசெய்து வாக்கியத்தை முடிவுவரை படியுங்கள்.

அட்மிஷன் அன்று, ஆஸ்பத்திரிக்கு நீங்களே நேராகப் பணம் கட்டும் கேஷ்லெஸ் முறையில் ரூ. 75,000 அனுமதித்த நீங்கள், டிஸ்சார்ஜ் அன்று மதியத்துக்கு மேல் அதையும் ரத்து செய்தீர்கள். வயிற்றில் தையலோடு நான் பில் கவுண்டர் முன்னால் நாற்காலியில் காத்திருக்க, என் மைனி தன் வளையல்களைக் கொண்டுபோய் அடகு வைத்துப் பணத்தோடு வந்தார்.

உங்கள் வாடிக்கையாளர் சேவையில் பேசிய பையன் மரியாதையாகத்தான் பேசினான். ஆனால், “மேடம், அது நீங்களா விரும்பிப் பண்ணிக்கிட்ட ஆபரேஷன்தானே” என்று ஒரு வார்த்தை சொன்னான். மறுப்புக் கடிதத்துக்குப் பின்னாலும் இந்த நினைப்புதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆகவே இதையும் எழுதுகிறேன்.

விரும்பிச் செய்துகொண்டவள் எப்படி வாழ்கிறாள் தெரியுமா? சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக்கூடாது. அரை மணி நேரம் கழிய வேண்டும். இரண்டு வாய் கூடினால் நெஞ்சில் அடைக்கும். எங்கள் பக்கத்துக் கல்யாணப் பந்தியில் பாயசத்தில் பழமும் பப்படமும் பிசைந்து சாப்பிடாதவர் இல்லை. நான் மூன்று ஸ்பூன் சாப்பிட்டுவிட்டு மண்டபத்துப் பின்கட்டில் வியர்த்து, நெஞ்சு படபடத்துப் படுத்திருக்கிறேன். டம்பிங் என்கிறார்கள். சர்க்கரை அவசரமாகக் குடலில் இறங்கினால் அப்படி ஆகும். சிலசமயம் ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கிக் கை நடுங்கும். ஒருமுறை கத்தரிக்கோலைக் கையில் பிடித்திருந்தபோது வந்தது. அக்கானி (பதநீர்) குடிக்க முடியாது. மரச்சீனிக் கிழங்கு பிடி அளவுதான். முட்டி வலித்தால் கடையில் கிடைக்கும் வலி மாத்திரையைப் போட முடியாது, இணைப்பில் புண் வரும். இரும்பு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் இடையில் இரண்டு மணி நேரம் விட வேண்டும். பி12 ஊசி ஆயுளுக்கும். “இப்போ ஒல்லியா அழகா இருக்கா” என்று ஊர் சொல்கிறது. இன்சுலின் நின்றதையும் முகமூடி மெஷினைப் பரணில் போட்டதையும் யாரும் கேட்பதில்லை. எனக்கு அந்த இரண்டும் போதும். செய்துகொண்டதற்கு வருத்தமும் இல்லை. 2021-க்குப் பிறகு சர்க்கரைக்கென்று உங்களிடம் நான் ஒரு ரூபாய் கேட்கவில்லை என்பதையும் உங்கள் கணக்கில் பார்த்துக்கொள்ளலாம்.

நான் கேட்பது: ரூ. 3,12,480-ஐ முழுமையாகவும், தாமதத்துக்கான வட்டியோடும் வழங்க வேண்டும். மறுப்பை உங்கள் நிறுவனத்தின் கிளெய்ம் மறுஆய்வுக் குழு பார்த்து ஒப்புதல் தந்ததா, தந்திருந்தால் அதன் நகல் எங்கே என்று தெரிவிக்க வேண்டும். அந்தக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் எந்தக் கிளெய்மையும் மறுக்கக்கூடாது என்பது ஐ.ஆர்.டி.ஏ.ஐ.-யின் 2024 மே மாதச் சுற்றறிக்கை. மதுப்பழக்கம் பற்றிய கேள்வியை என் கோப்பிலிருந்து நீக்கிவிட்டதாக எழுத்தில் தர வேண்டும். பணத்தைவிட இதில்தான் என் வீட்டுக்காரர் பிடிவாதமாக இருக்கிறார். இனி பைபாஸ் சம்பந்தமாக என்ன வந்தாலும் அதே விலக்கு 06-ஐ நீட்டுவீர்களா என்பதையும் இப்போதே சொல்லுங்கள். எனக்கு வயது 47, பித்தக்கல்லும் சிறுநீரகக் கல்லும் இப்படிப்பட்டவர்களுக்கு அடிக்கடி வரும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

இரண்டு வாரத்துக்குள் பதில் தர வேண்டியது உங்கள் கடமை. ஒரு மாதத்துக்குள் சரியான முடிவு வராவிட்டால் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் மனு போடுவேன். அங்கே கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம். தேவைப்பட்டால் அதன்பின் நாகர்கோவில் நுகர்வோர் ஆணையம். பதிலைத் தமிழில், பதிவுத் தபாலில் அனுப்புங்கள். செயலியில் ‘உங்கள் குறை தீர்க்கப்பட்டது’ என்று வரும் செய்தியைப் பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இணைப்பு: 2021 அனுமதிக் கடிதம், சி.டி. ஸ்கேன் அறிக்கை, அறுவைக் குறிப்பு, டிஸ்சார்ஜ் குறிப்பு, பில்கள், கேஷ்லெஸ் ரத்துச் செய்தி, உங்கள் மறுப்புக் கடிதம், சர்ஜனின் விளக்கக் கடிதம்.

இப்படிக்கு,
பாலிசிதாரர்,
தக்கலை.