பாட்டியின் பச்சைக் கார்

நார்விச், இங்கிலாந்து, ஜனவரி

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருக்கிறீர்களா? அம்மா அனுப்பிய பருப்புப் பொடி பத்திரமாக வந்து சேர்ந்தது. குளிர் கடுமையாக இருக்கிறது, நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. ரோட்டில் ஐஸ் பிடிக்காமலிருக்க உப்பைக் கொட்டுகிறார்கள். எங்கள் பட்டறைக்கு வரும் வண்டிகளின் அடிப்பக்கத்தைப் பார்த்தால் உங்களுக்கு மனசு ஆறாது.

அடுத்த வீட்டுப் பாட்டியின் காரைப் பற்றிப் போனில் விவரமாகச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். அது லோட்டஸ் செவன். காலின் சாப்மன் என்பவர் 1957-ல் கொண்டுவந்த வண்டி. ரெண்டு பேர் உட்காரலாம், கூரை கிடையாது. 1966-லிருந்து அந்தக் கம்பெனி இந்த ஊருக்குப் பக்கத்தில் ஹெத்தலில்தான் இருக்கிறது. அந்தக் காலத்தில் முழுக் காராக வாங்கினால் அரசாங்கத்துக்குத் தனியாக ஒரு வரி கட்ட வேண்டும். பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொண்டால் அந்த வரி இல்லை. 1973-ல் வாட் என்ற புது வரி வந்ததும் அந்தச் சலுகை போய்விட்டது. பாட்டியின் வீட்டுக்காரர் அதற்கு முன்பே வாங்கி, ஷெட்டில் வைத்துத் தானே பூட்டியிருக்கிறார். உள்ளே ஸ்டீல் குழாய்ச் சட்டம், மேலே அலுமினியத் தகடு, முன்பக்க மூக்கும் மட்கார்டும் ஃபைபர். இன்ஜின் ஃபோர்ட் ஆங்கிலியாவுடையது.

அவர் காலமாகிவிட்டார். முழுசாகப் பெயிண்ட் அடித்துவிடலாமா என்று பாட்டி கேட்டார். நீங்களும், "அடிச்சுக் குடுடா, வண்டின்னா முகம் தெரியணும்" என்றீர்கள். எனக்கு மனசு வரவில்லை, அப்பா.

அந்தப் பச்சை அவர் பிரஷ்ஷால் அடித்தது. பக்கவாட்டில் லைட் பிடித்தால் பிரஷ் போன தடம் தெரியும். ஓட்டும்போது அவருடைய வலது முழங்கை வெளியே படும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் தேய்ந்து அலுமினியம் தெரிகிறது. ஓரத்தில் பச்சை, அப்புறம் பெயிண்டுக்கு அடியில் பூசும் சாம்பல் நிற பிரைமர், நடுவில் வெறும் தகடு. தொட்டால் அவ்வளவு வழவழப்பு. எத்தனை வருஷம் ஓட்டியிருந்தால் அப்படி ஆகும்! ஸ்ப்ரே கன்னை எடுத்தால் ஒரே மத்தியானத்தில் அது போய்விடும். ஊரில் நம் பட்டறைக்கு வரும் டாக்ஸிக்காரருக்குப் பளபளப்புதான் பிழைப்பு, அதை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் இந்த வண்டியை யாருக்கும் பளபளவென்று காட்ட வேண்டியதில்லை.

மூக்கில் கல் பட்டு நட்சத்திரம் நட்சத்திரமாக விரிசல். அதைத் தோண்டி நிரப்பாமல் மேலே அடித்தால் கொஞ்ச நாளில் மறுபடி எட்டிப் பார்க்கும். பெயிண்ட் ரிமூவர் போட்டாலோ ஃபைபரையே தின்றுவிடும். அதனால் மூக்கைத் தொடப்போவதில்லை.

ஆனால் சும்மா விடவே கூடாத இடம் ஒன்று இருக்கிறது. ஸ்டீல் குழாயும் அலுமினியமும் ஒட்டும் இடத்தில் உப்புத் தண்ணீர் புகுந்தால் முதலில் அரிப்பது அலுமினியத்தைத்தான். கீழ் ஓரத்தில், தகட்டைக் குழாயோடு பிடித்திருக்கும் ரிவெட்டைச் சுற்றிப் பெயிண்ட் கொப்பளித்திருக்கிறது, குத்தினால் வெள்ளையாகப் பொடி உதிர்கிறது. அங்கே ரிவெட்டை எடுத்து, குழாயின் துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்து, இரண்டும் ஒட்டாதபடி நடுவில் தண்ணீர் புகாத சீலன்ட் பசை வைத்து மறுபடி ரிவெட் அடிக்கப் போகிறேன். முழுசாகப் பெயிண்ட் அடிப்பதைவிட இதில்தான் பொறுமை அதிகம் வேண்டும். பாட்டியும் சரி என்றுவிட்டார்.

இப்போது உங்கள் கண்தான் எனக்கு வேண்டும். ரிப்பேர் செய்த ஓரத்துக்கு மட்டும் வெளுத்துப்போன அந்தப் பச்சையைக் கலக்க வேண்டும். வெள்ளை சேர்த்தால் பால் கலந்தது போல ஆகிவிடுகிறது, மஞ்சள் சேர்த்தால் புதுசாகத் தெரிகிறது. பகல் வெளிச்சத்தில் எடுத்த போட்டோவைத் தங்கைக்கு அனுப்புகிறேன், பெரிதாக்கிக் காட்டச் சொல்லுங்கள். எதை, எவ்வளவு சேர்ப்பது என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்