பாப்பாவுக்கு ஒரு பார்சல்

தம்பி,

கூரியர் வியாழக்கிழமைக்குள் வந்துவிடும் என்றார்கள். பெட்டியைப் பார்த்து மலைத்துவிடாதே. பாதி இடம் அம்மிணிக்கு வைத்த பருப்புப் பொடியும் முறுக்கும்தான். மீதியில் இருப்பவை பாப்பாவுக்குத் தைத்த துணிப் பொம்மைகள். எதை எப்படிக் கொடுப்பது என்று போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்பாய், வைத்ததும் மறந்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். அம்மிணியும் படிக்கட்டும், ஆனால் இது உனக்கு. பகல் முழுக்க அவள் பார்க்கிறாள். சாயங்காலம் அரை மணி நேரமாவது பாப்பா உன் பொறுப்பு.

துணியெல்லாம் நம் தெரு பனியன் கம்பெனியின் கட்டிங் வேஸ்ட். இன்டர்லாக் துணி என்பதால் ஓரத்தில் நூல் பிரியாது, தொட்டால் மெத்தென்று இருக்கும். வெந்நீரில் ஊறவைத்து, வெள்ளைத் துணியில் தேய்த்து, சாயம் ஒட்டவில்லை என்று பார்த்த பிறகுதான் கத்தரி வைத்தேன். உள்ளே ஃபைபர் பஞ்சு. இலவம் பஞ்சைத் துவைத்தால் கட்டி தட்டிப்போகும், காய்வதற்குள் வாடை வந்துவிடும். கண், மூக்கு எல்லாம் நூலிலேயே போட்டது. ஒரு பொத்தான்கூடக் கிடையாது. எல்லாத் தையலும் இரண்டு ஓட்டு ஓட்டியிருக்கிறேன்.

பெயர் வைத்த அன்று வந்த அந்தப் பாட்டுப் பாடும் யானையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோபித்துக்கொள்ளாதே, கொடுத்தவர்களிடமும் சொல்லாதே. சுவிட்சைப் போட்டால் அதுவே ஆடுகிறது, பாடுகிறது, விளக்கெரிகிறது. பாப்பாவுக்கு அதில் என்ன வேலை? வாயைப் பிளந்துகொண்டு பார்க்க வேண்டியதுதான். நான் தைத்ததெல்லாம் சும்மா கிடக்கும். அவள் பிடித்தால்தான் சலசலக்கும், உதைத்தால்தான் உருளும். நான்கு மாதக் குழந்தைக்கு அதுதான் வேண்டும். தன் கை ஒன்று செய்தது, அதனால் ஒன்று நடந்தது என்று அவளுக்குப் பிடிபட வேண்டும்.

அமெரிக்காவில் கரோலின் ரோவி-கோலியர் என்று ஓர் உளவியல் பேராசிரியர் இருந்தார். படித்துக்கொண்டிருந்த காலத்தில், கைக்குழந்தையாக இருந்த மகனைச் சமாளிக்க அவன் கணுக்காலில் ஒரு ரிப்பனைக் கட்டி, மறுமுனையைத் தொட்டிலுக்கு மேலே தொங்கிய பொம்மைகளில் கட்டினார். காலை ஆட்டினால் பொம்மை ஆடும் என்று கண்டுகொண்ட பையன் உதைக்க ஆரம்பித்துவிட்டான். அதையே பல குழந்தைகளிடம் ஆராய்ச்சியாகச் செய்து 1969 முதல் எழுதினார். மூன்று மாதக் குழந்தைகள் சில நாள் கழித்துத் திரும்ப அதே பொம்மையைக் காட்டியபோதும் மறக்காமல் உதைத்தார்களாம். அத்தனை சின்னக் குழந்தைக்கு ஞாபகம் ஏது என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. இதைப் படித்துவிட்டு நீ ரிப்பன் தேடிப் போகாதே! கயிறு, நாடா எதுவும் குழந்தையின் மேல் கட்டக் கூடாது. அது கூடவே ஆள் இருந்து செய்த ஆராய்ச்சி.

கயிறே இல்லாமல் அதே வேலையைச் செய்ய இரண்டு துணி வளையல் வைத்திருக்கிறேன். மணிக்கட்டில் லேசாகச் சுற்றிவிடு. கை அசைந்தால் சத்தம் வரும். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடுவாள், ஒரு நேரம் தன் கையையே கண்டுபிடிப்பாள். அந்த முகத்தைப் பார்க்கத் தவறிவிடாதே. உள்ளே இருப்பது மூடித் தைத்த சின்ன டப்பி. மேல் துணி எங்காவது மெலிந்தால் உடனே தூக்கிப் போட்டுவிடு.

கறுப்பு வெள்ளைத் துணிப் புத்தகம் தைப்பதற்குள் மாதம் கடந்துவிட்டது. பிறந்த புதிதில் ஓர் அடி தூரத்துக்கு மேல் தெளிவாகத் தெரியாது, அழுத்தமான கோடுகள்தான் கண்ணில் நிற்கும். இப்போது நிறம் நன்றாகவே தெரியும். இருந்தாலும் அதை நெஞ்சுக்கு நேரே பிடித்து மெதுவாக இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நகர்த்திப் பார். கண் கூடவே வரும். கண் வருமுன் நீ ஓடிவிடாதே, உனக்கு எப்போதும் அவசரம்.

நீளமாக உருட்டுக்கட்டை மாதிரி இருப்பது குப்புறப் படுக்க வைப்பதற்கு. அக்குளுக்குக் கீழே கொடுத்து, கைகள் முன்னால் வரும்படி விடு. நீயும் எதிரே தரையில் குப்புறப் படு. அவளுக்கு எட்டியும் எட்டாமலும் ஓட்டைப் பந்தை வை, நேராக வேண்டாம், கொஞ்சம் ஓரமாக. திரும்பிப் பார்க்கட்டும், கையை நீட்டட்டும். தவழாத குழந்தை முழித்திருக்கும் நேரத்தில் ஒரு நாளைக்கு மொத்தம் அரை மணியாவது குப்புறக் கிடக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019ல் சொன்னது. ஒரே மூச்சில் இல்லை, நாலைந்து நிமிஷமாகப் பிரித்து. முகம் சுளித்து அழுதால் தூக்கிவிடு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அதே அறிக்கையில் ஒரு வயதுக்கு முன் போனோ டிவியோ காட்ட வேண்டாம் என்றும் இருக்கிறது. இது உனக்குக் கசக்கும்.

எதைக் கொடுத்தாலும் வாய்க்குத்தான் போகும். பிடுங்காதே. வாயும் நாக்கும்தான் இப்போது அவளுக்குக் கண்ணைவிடப் பெரிய கருவி. மெத்தென்றதா, சொரசொரப்பா என்று அப்படித்தான் அறிந்துகொள்கிறாள். வாரத்துக்கு இரண்டு தடவை துவைத்து நல்ல வெயிலில் போடு, போதும். வாசனை கம்ஃபர்ட் எல்லாம் வேண்டாம்.

கடைப் பொம்மை வாங்கினால் ஐஎஸ்ஐ முத்திரை பார். 2021 ஜனவரி முதல் நம் நாட்டில் கட்டாயம். பாட்டி தைத்ததற்கு முத்திரை ஏது என்று கிண்டல் செய்வாய். அதனால்தான் நீயே பார்க்கச் சொல்கிறேன். குழந்தையின் தொண்டையில் சிக்கும் அளவுக்குச் சின்னதா என்று பொம்மைத் துணுக்குகளைப் போட்டுப் பார்க்கும் சோதனைக் குழாயின் வாய் 31.7 மில்லிமீட்டர். அந்தக் காலத்து ஃபிலிம் ரோல் டப்பா கிட்டத்தட்ட அந்த அளவு. அதற்குள் முழுதாகப் போகிற எந்தப் பொருளும் மூன்று வயதுக்குள் கிட்டே வரக் கூடாது. யானையின் பேட்டரி மூடிக்கு ஸ்க்ரூ இருக்கிறதா என்று பார். பட்டன் பேட்டரியை விழுங்கி அது சிக்கிக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகலாம்.

தூங்கும்போது ஒரு பொம்மையும் பக்கத்தில் இருக்கக் கூடாது. எவ்வளவு அழகாகக் கட்டிக்கொண்டு தூங்கினாலும் எடுத்துவிடு. ஒரு வயது வரைக்கும் படுக்கையில் பொம்மை, தலையணை, கனத்த போர்வை எதுவும் வேண்டாம்.

பக்கத்து ஃபிளாட் குழந்தை பொம்மையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றுகிறது என்று போன வாரம் சொன்னாய். அது ஆறு மாதம் ஒட்டி வருகிற வேலை. அங்கன்வாடியில் இருந்தபோது இந்த ஒப்பீட்டுப் புலம்பலைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. நீ பார்க்க வேண்டியது வேறு. கையில் வைத்தால் பிடிக்கிறாளா? பொம்மையைப் பார்த்துக் கையை வீசுகிறாளா? இரண்டு கையும் ஒரே மாதிரி விரிகின்றனவா? ஒரு கை மட்டும் எப்போதும் மூடியே இருந்தாலோ, ஒரே கையையே நீட்டினாலோ, தடுப்பூசிக்குப் போகும்போது டாக்டரிடம் கேட்டுவிடு. இடதுகைப் பழக்கம் என்று விட்டுவிடாதே, இந்த வயதில் அப்படி ஒன்று கிடையாது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் பரப்பிவிடாதே. ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. மற்றதை அலமாரியில் வை, வாரம் கழித்து எடுத்தால் புதுசு மாதிரி விளையாடுவாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, கண்ணைக் கசக்கினாலோ, அன்றைக்கு அவ்வளவுதான்.

எட்டு மாதத்துக்கு மேல் துணிக்கு அடியில் ஒளித்து வைத்ததைத் தேடி எடுப்பாள். அதற்குப் பையும் மூடியுமாக ஒன்று யோசித்து வைத்திருக்கிறேன். பாப்பாவின் கையைத் தாளில் வைத்து வரைந்து வாட்ஸ்அப்பில் அனுப்பு, பிடி அளவு எனக்குத் தெரிய வேண்டும். பக்கத்தில் ஒரு ஸ்கேலையும் வைத்து எடு. போன தடவை நீ அனுப்பிய படத்தில் அது குழந்தை காலா, பெரியவர் காலா என்றே தெரியவில்லை.

அம்மா