டிக்கெட் எடுக்கும் முன் உயரத்தை அளந்துவிடுங்கள்

ஆசிரியருக்கு,

கேளிக்கைப் பூங்காக்கள் பலவற்றில் குழந்தைக்கான கட்டணம் வயதை வைத்தல்ல, உயரத்தை வைத்தே. கவுன்ட்டரில் வயதைச் சொல்லி வாதாடிப் பயனில்லை. வீட்டிலேயே செருப்பில்லாமல் சுவரோரம் நிறுத்தி அளந்துகொண்டு கிளம்புவது நல்லது.

ராட்டினங்களின் உயர வரம்பை வெறும் கெடுபிடியாக நினைக்கிறார்கள். இருவர் உட்காரும் இருக்கைகள் பலவற்றில் ஒரே கம்பிதான் இரண்டு மடியையும் பிடிக்கிறது. அது பெரியவரின் தொடையில் முட்டி நின்றுவிடும். பக்கத்துக் குழந்தைக்கும் கம்பிக்கும் நடுவே இடைவெளி விழும். வேகமாகத் திரும்பும்போது அந்த வழியே குழந்தை நழுவலாம்.

சறுக்கில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இறங்குவதும் ஆபத்துதான். குழந்தையின் கால் ஓரத்தில் சிக்கி நிற்க, பின்னாலிருந்து பெரியவரின் எடை தள்ளும். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவது இப்படித்தான்.

நீர் விளையாட்டுக்கு வீட்டிலிருந்தே நைலான் உடை எடுத்துப்போங்கள். பருத்தி நீரைக் குடித்துக் கனக்கும், நூல் பிரிந்து வடிகட்டியை அடைக்கும். (வாடகை உடைக்கு வரிசையில் நிற்பதும் மிச்சம்!) நீர்ப்பகுதி காலையிலேயே திறந்திருந்தால் அப்போதே முடித்துவிடுங்கள்; உச்சி வெயிலில் சுடும் தரையில் வெறுங்காலோடு நடக்க வேண்டியிருக்காது.

எந்த ராட்டினத்துக்கு எத்தனை செ.மீ. என்ற பட்டியலை நுழைவாயிலிலேயே, பணம் கட்டும் முன் கண்ணில் படும்படி, தமிழில் வைக்கப் பூங்கா நிர்வாகங்கள் முன்வர வேண்டும்.

— வாசகர், செங்கல்பட்டு