உண்டியல் வந்தது, கணக்கு வரவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மியான்மர் நிலநடுக்கத்துக்கு நிதி திரட்டுகிறார்கள் என்று உங்கள் நாளிதழில் செய்தி வந்தபோதே எழுத நினைத்தேன், சோம்பலில் தள்ளிப் போய்விட்டது. 2025 மார்ச் 28 அன்று மண்டலேயும் சகாயிங்கும் குலுங்கின. அடுத்த வாரமே எங்கள் தெருவுக்கு மூன்று பையன்கள் வந்தார்கள். கையில் ஒரு அட்டைப்பெட்டி, அதன் மேல் இடிந்த பகோடா (புத்தர் கோயில்) படம், படத்துக்குக் கீழே ஒரு கியூஆர் கோடு. நல்ல பையன்கள்தான், பங்குனி வெயிலில் முகமெல்லாம் கறுத்துப் போயிருந்தது. உட்கார வைத்து மோர் கொடுத்தேன். அந்த கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணினால் ஏதோ ஒரு செல்போன் கடையின் பெயர் வருகிறது.

"யாருப்பா இது?"

"எங்க அண்ணன் கடை சார். அவரு அனுப்பிருவாரு."

"எங்கே?"

"மியான்மருக்கு."

"மியான்மர்ல யாருக்கு?"

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருநூறு ரூபாயைப் பெட்டியில் போட்டுவிட்டு ரசீது கேட்டேன். அவர்களைத் திருடர்கள் என்றே நான் சொல்லிவிட்ட மாதிரி மூஞ்சி சுருங்கிவிட்டது. "குடுக்கிறது இருநூறு, அதுக்கு இத்தனை கேள்வியா" என்று வீட்டில் எனக்குத்தான் திட்டு.

கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. 2001-இல் நானே உண்டியல் குலுக்கியவன். திண்டுக்கல்லில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் அப்போது எனக்குக் குமாஸ்தா வேலை. ஜனவரி 26, வெள்ளிக்கிழமை, குடியரசு தின விடுமுறை. காலை 8.46-க்குக் குஜராத்தில் பூமி ஆடியது. முதலில் ஏதோ சின்ன சமாச்சாரம் என்றுதான் நினைத்தோம், பொழுது சாய்ந்த பிறகுதான் புஜ், பச்சாவ், ராப்பர் என்று ஒவ்வொரு ஊராக டிவியில் வர ஆரம்பித்தது. அஞ்சார் என்ற ஊரில் குடியரசு தின ஊர்வலம் போன பள்ளிக்கூடப் பிள்ளைகள் மீது, குறுகலான சந்தில், இருபுறத்துக் கட்டடங்களும் சரிந்துவிட்டன. பிள்ளைகளும் ஆசிரியர்களுமாக இருநூறு பேருக்குப் பக்கம். கடைசியில் அரசுக் கணக்கிலேயே சாவு 13,800-ஐத் தாண்டியது. ஆனால் எங்களை எழுப்பி உட்கார வைத்தது அந்தப் பிள்ளைகளின் செய்திதான்.

டீக்கடையில் காலி எண்ணெய் டின் ஒன்றை வாங்கி, மேல்பக்கம் காசு போகிற அளவுக்கு வெட்டி, மூடிக்குக் கொண்டி வைத்துப் பூட்டுப் போட்டோம். திண்டுக்கல்லில் பூட்டுக்கா பஞ்சம்! சாவி டீக்கடைக்காரரிடம், டின் எங்களிடம். பேருந்து நிலையத்திலும் காய்கறி மார்க்கெட்டிலும் பதினோரு நாள் குலுக்கினோம். பூக்காரம்மா ஒருவர் குஜராத் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாமல், "கொடி புடிச்சுப் போன புள்ளைங்களாமே" என்று சொல்லிச் சுருக்குப்பையிலிருந்து இரண்டு ரூபாய் எடுத்துப் போட்டார். கடை பெஞ்சில் பேப்பர் விரித்து எண்ணினோம். பிசுபிசுத்த சில்லறை, பாதி கிழிந்த பத்து ரூபாய்கள், எவரோ போட்ட ஒரு சிங்கப்பூர் காசு. மொத்தம் 6,412 ரூபாய். பிரதமர் நிவாரண நிதிக்கு பாங்கில் டிடி (வரைவோலை) எடுத்தோம்.

இங்கேதான் டீக்கடைக்காரர் ஒரு கேள்வி கேட்டார். "டிடி கமிஷன் எதுலருந்து போச்சு?" வசூலிலிருந்துதான் போனது. "ஜனங்க பாங்கிக்கா குடுத்தாங்க?" என்றார். பேசாமல் நாலு பேரும் எங்கள் பையிலிருந்து எடுத்து வைத்தோம். வசூல் எவ்வளவு, டிடி எண் என்ன, என்ன தேதி என்று ஒரு முழுத் தாளில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிக் கடைச் சுவரில் ஒட்டினோம். பிற்பாடு டெல்லியிலிருந்து தபாலில் ரசீது வந்தது, அதன் ஜெராக்ஸையும் பக்கத்திலேயே ஒட்டினோம். டீ குடிக்க வருகிறவர்கள் கிளாஸைக் கையில் பிடித்தபடியே நின்று படிப்பார்கள். அடுத்த பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வரை அது அங்கேதான் இருந்தது.

2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது அதே டின்னைத்தான் எடுத்தோம். மூன்றே நாளில் நிறைந்துவிட்டது. நாகப்பட்டினத்தில் தெரிந்த ஒருவருக்குப் போன் போட்டு என்ன வேண்டும் என்று கேட்டதில், "துணி மட்டும் வேண்டாம், புண்ணியமாப் போகும்" என்றார். பாத்திரமும் ஸ்டவ்வும் வாங்கிக்கொண்டு போனோம். போகிற வழியெல்லாம் பழந்துணி குவியல் குவியலாக நனைந்து கிடந்தது, மாடு மிதித்துக்கொண்டு போனது. நம் பீரோவைக் காலி பண்ணுவதற்குப் பெயர் நிவாரணமா? சரி, அது வேறு கதை.

நான் சொல்ல வந்தது கணக்கைப் பற்றி. குஜராத் பூகம்பத்துக்காகவே வருமான வரிச் சட்டம் 80ஜி பிரிவில் 5சி என்று ஒரு உட்பிரிவு சேர்த்தார்கள். 2001 ஜனவரி 26 முதல் செப்டம்பர் 30 வரை இந்த நிவாரணத்துக்குக் கொடுத்த நன்கொடைக்கு வரிவிலக்கு கிடைத்தது. ஆனால் வாங்குகிற அறக்கட்டளை இதற்கென்று தனிக் கணக்கு வைக்க வேண்டும், பணத்தை வேறு எதற்கும் தொடக்கூடாது, செலவழியாமல் மிஞ்சியதைப் பிரதமர் நிவாரண நிதியில் கட்டிவிட வேண்டும். அப்படிக் கட்டுவதற்கான கெடு கடைசியில் 2004 மார்ச் 31-இல் வந்து நின்றது. எங்கள் அலுவலகத்தில் இந்தக் கணக்கு ஒன்றிரண்டு வந்தது, லெட்ஜரில் வரி வரியாக டிக் அடித்தவன் நான். மூன்று வருஷம் கழித்தும் மிச்சம் எங்கே என்று கேட்ட சட்டம் அது. இன்றைக்கு மூன்று மாதம் போனாலே நாம் கேட்பதில்லை.

நண்பர் ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். ஆள் இடிபாட்டுக்குள் கிடக்கும்போது ரசீது புத்தகத்தையா தேடிக்கொண்டிருப்பார்கள், நீ இப்படிக் கேட்டால் கொடுக்கிறவனும் கையை மடக்கிக்கொள்வான் என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. முதல் வாரத்தில் கேட்க வேண்டாம், கொடுப்போம். ஆறு மாதம் கழித்துக்கூடவா சொல்லக்கூடாது? அப்புறம், பணம் மிச்சமிருந்தால் அது திருட்டு ஆகிவிடாது. பூகம்பத்தில் இடிந்த வீடு ஒரு மாதத்தில் எழும்பிவிடாது. குஜராத்தின் கட்ச் பகுதியில் அரசே வீட்டுக்கான பணத்தைத் தவணை தவணையாக, கட்டுமானம் ஏற ஏறத்தான் கொடுத்தது. "இவ்வளவு பாங்கில் இருக்கிறது, அடுத்த மழைக்குமுன் கூரைக்குப் போகும்" என்று சொன்னாலே போதும், ஜனங்களுக்குப் புரியும்.

மியான்மர் விஷயத்தில் இது இன்னும் அவசியம். 2021-லிருந்து அங்கே ராணுவ ஆட்சி, சகாயிங் பக்கமெல்லாம் உள்நாட்டுச் சண்டை, நிலநடுக்கத்துக்குப் பிறகும் குண்டு விழுவது நிற்கவில்லை. ரமலான் மாதத்துக் கடைசி வெள்ளியன்று தொழுகைக்குக் கூடியிருந்தவர்கள் மீது மசூதிகள் இடிந்தன, மடாலயங்கள் இடிந்தன, 3,700 பேருக்கு மேல் போய்விட்டார்கள். ஒரு காலத்தில் பர்மாவில் பிழைத்துத் திரும்பிய குடும்பங்கள் நம் பக்கம் எத்தனையோ இருக்கின்றன, அவர்களுக்கெல்லாம் இது வெறும் வெளிநாட்டுச் செய்தி இல்லை. அப்படிப்பட்ட இடத்துக்குப் போகிற பணம் யார் கை வழியாகப் போனது என்று தெரியாவிட்டால், அடுத்த முறை எவன் கொடுப்பான்?

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். இது மாதிரிப் பேரிடர் நேரங்களில் நாளிதழ்கள் நன்கொடையாளர் பட்டியல் போடுவது வழக்கம். பொடி எழுத்தில் பெயர், ஊர், தொகை. 2001-இல் வந்த எங்கள் பெயரை அப்பா வெட்டி டைரிக்குள் வைத்திருந்தார். அந்தப் பட்டியலை வெளியிடும்போதே, பெட்டி தூக்கிய சங்கங்களிடமும் மன்றங்களிடமும் ஆறாம் மாதம் செலவுப் பட்டியலும் கேட்டு வாங்கிப் போடுங்கள். அரைப் பத்தி போதும். வந்தது இவ்வளவு, இன்ன தேதியில் இன்னாரிடம் கொடுத்தது இவ்வளவு, வாங்கிய பொருள் இது, மிச்சம் இது. தராதவர்கள் பெயருக்கு எதிரே ஒரு கோடு போட்டுவிடுங்கள், அது போதும்.

அந்த மூன்று பையன்களும் இப்போதும் எங்கள் பக்கம்தான் சுற்றுகிறார்கள். என்னைக் கண்டால் பைக்கை அடுத்த சந்துக்குள் திருப்பிவிடுகிறார்கள். பணம் போய்ச் சேர்ந்திருக்கும் என்றுதான் நான் நம்புகிறேன். உங்கள் பேப்பரை அவர்கள் வீட்டில் யாராவது படித்தால் சொல்லுங்கள், ஒரு தாளில் எழுதி எடுத்து வரட்டும். மைதா பசை நான் காய்ச்சித் தருகிறேன், டீக்கடைச் சுவரில் இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திண்டுக்கல்.