மெட்டில் விட்ட இடத்தை விட்டபடியே இருக்க விடுங்கள்: இசையமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள இசையமைப்பாளர்களுக்கு,

பாட்டெழுதுகிறவர்கள் பக்கத்திலிருந்து ஒரே ஒரு விஷயம் கேட்கத்தான் இந்த மடல். மெட்டைச் சொல் இல்லாமல் தத்தகாரமாகப் பாடி அனுப்புகிறீர்கள், 'தனன தானனா' என்று ஓடிவந்து ஓரிடத்தில் நின்று மூச்சுவிட்டு அப்புறம் மறுபடி தொடங்குகிறீர்கள் இல்லையா, நின்ற அந்த இடம்தான் பல சமயம் மெட்டிலேயே அழகான இடம். ஆனால் வரிகளைக் கொடுத்ததும் "இங்கே காலியா இருக்கே, ரெண்டு வார்த்தை போடுங்களேன்" என்கிறீர்கள். தயவுசெய்து அப்படிக் கேட்காதீர்கள்.

அது காலி இல்லை. 'சொல்லாமல் போனது ஏன்' என்று பாடி நிறுத்தினால், கேட்கிறவருக்குத் தன்னை விட்டுப்போன யாரோ ஒருவர் நினைவுக்கு வருவார். உடனே 'கண்ணே, என் கண்ணே' என்று இட்டு நிரப்பினால் அந்த நினைவு வருவதற்கே நேரமில்லை. கேட்கிறவர் பாட்டுக்குள் நுழையும் வாசலை நாமே அடைக்கிறோம்.

உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதே இல்லை. ஆதி தாளத்தின் 8 எண்ணிக்கையில் தட்டு வருவது 3 இடத்தில்தான், மீதி 5 சத்தமில்லாமல் விரல் எண்ணுவதும் கைவீச்சுமாகப் போய்விடும். அனாகத எடுப்பில் தாளம் தொடங்கிய பிறகுதான் பாட்டே தொடங்கும். சமத்தில், அதாவது தாளம் தொடங்கும் இடத்தில், குரல் இருக்காது, அதனால்தான் முதல் சொல் அவ்வளவு அழுத்தமாக விழுகிறது. மேலைநாட்டு இசைக்குறிப்பிலும் ஓய்வுக்கென்றே முழு, அரை, கால் என்று தனித்தனி குறிகள் இருக்கின்றன. எழுதி வைத்து, எண்ணி, கடைப்பிடிக்க வேண்டிய விஷயமாகத்தான் மௌனத்தை எல்லாரும் வைத்திருக்கிறார்கள்.

தமிழில் எழுதும்போது மௌனம் சொல்லுக்கு உள்ளேயே கிடைக்கிறது என்பது எனக்குத் தீராத ஆச்சரியம். 'பக்கம்', 'பட்டம்' என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். நடுவில் காற்று அடைபட்டு ஒரு கணம் ஓசையே நின்றுபோகிறது. ஒற்றுக்கு இலக்கணம் கொடுத்தது அரை மாத்திரை; வல்லின ஒற்றில் அது பெரும்பாலும் சத்தமே இல்லாத அரை மாத்திரை! வரியில் சொற்களைத் திணித்தால், வேகத்தில் பாடகர் முதலில் விழுங்குவது இதைத்தான், பக்கம் 'பகம்' ஆகிவிடுகிறது, அப்புறம் உச்சரிப்பு சரியில்லை என்று அவரையே குறை சொல்கிறோம். நிறுத்தத்துக்கு முந்தின சொல்லும் முக்கியம். ஆகாரத்திலோ ஓகாரத்திலோ முடிந்தால் குரலை மெல்லக் கரையவிடலாம், 'ம்' என்றால் ரீங்காரமாக இன்னும் கொஞ்சம் ஓடும். இதையெல்லாம் யோசித்துத்தான் அந்தச் சொல்லைத் தேடிப் பிடிக்கிறோம், அதற்குப் பின்னால் இன்னொரு சொல்லை ஒட்டினால் தேடியது வீண்.

இடைவெளி விட்டால் கேட்கிறவர் அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுவார் என்ற பயம் புரிகிறது. ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி கேட்டால்தான் ஒருமுறை கேட்டதாகக் கணக்கு, அதனால் முதல் நொடியிலேயே எல்லாவற்றையும் கொட்டத் தோன்றும். சரி, தொடக்கத்தில் கொட்டுங்கள். சரணத்தை ஏன் அடைக்க வேண்டும்? ஒலியின் ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் கம்ப்ரஷனில் மெலிதான இடங்களைத் தூக்கி நிறுத்துவதும் ஸ்பாட்டிஃபையில் பெரிதாக உதவுவதில்லை, வழக்கமான அமைப்பில் எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய ஒரே ஒலி அளவுக்குக் கொண்டுவந்துதான் அந்தத் தளம் ஒலிக்க விடுகிறது.

அதனால் அடுத்த மெட்டை அனுப்பும்போது, எங்கே சொல் வேண்டாம் என்பதையும் தத்தகாரத்திலேயே வாய்விட்டுச் சொல்லி அனுப்புங்கள். அதற்கு முன்னால் வரும் சொல்லை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். மிக்ஸிங்கில் யாராவது அந்த இடத்தில் ஸ்ட்ரிங்ஸைக் கொண்டுவந்து வைத்தால், எடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பாட்டெழுதுகிற ஒருவன்