மூன்று ஆண்டுக் கட்டத்துக்குள் அடங்காத வைரஸ்

ஆராய்ச்சிக்கு நிதி ஒதுக்கும் குழுக்களில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். எப்ஸ்டீன்-பார் வைரஸையும், அதை அடக்கி வைத்திருக்கும் டி செல்களையும் (உடலைக் காக்கும் ஒருவகை ரத்த வெள்ளணுக்கள்) பற்றி ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறவள் நான். போன மாதம் நிரப்பிய விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருந்தது: ‘இந்த ஆய்வால் 3 ஆண்டுகளுக்குள் நோயாளிகளுக்குக் கிடைக்கும் பலன் என்ன?’ ஏதோ எழுதி அனுப்பினேன். எழுதியது எனக்கே நேர்மையாகப் படவில்லை. அதனால்தான் இந்த மடல்.

ஹெர்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்த இந்த வைரஸ், உலகில் வளர்ந்தவர்களில் 100க்கு 90 பேருக்கு மேல் இருக்கிறது. எச்சில் வழியாக வந்து, பி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளணுக்களுக்குள் குடியேறினால் ஆயுளுக்கும் போகாது. பெரும்பாலானோருக்கு அது இருப்பதே தெரியாது. ஆனாலும் ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் பேருக்கு வரும் புற்றுநோயில் அதற்குப் பங்கு உண்டு: சிலவகை நிணநீர்ப் புற்று, மூக்குக்குப் பின்னால் தொண்டையில் வரும் புற்று, இரைப்பைப் புற்றில் ஒரு பகுதி.

அதைக் கண்டுபிடித்ததே பொறுமையால்தான். உகாண்டாவில் குழந்தைகளின் தாடையில் வரும் கட்டிகளைப் பற்றி அங்கே வேலை செய்த அறுவை மருத்துவர் டெனிஸ் பர்கிட் 1961இல் லண்டனில் பேசியதை, வைரஸ் ஆய்வாளர் அந்தோணி எப்ஸ்டீன் கேட்டார். இதற்குப் பின்னால் வைரஸ் இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. கம்பாலாவிலிருந்து விமானத்தில் வந்த கட்டித் துண்டுகளில் இரண்டு ஆண்டுக்கு மேல் தேடியும் எதுவும் கிடைக்கவில்லை. 1963 டிசம்பரில் மூடுபனியால் விமானம் மான்செஸ்டருக்குத் திருப்பப்பட்டு, மாதிரி தாமதமாக வந்து சேர்ந்தது. திரவம் கலங்கியிருந்தது. பாக்டீரியா சேர்ந்துவிட்டது என்று யாரும் கொட்டியிருப்பார்கள். எப்ஸ்டீன் ஒரு துளியை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். கட்டியிலிருந்து உதிர்ந்த செல்கள் உயிரோடு மிதந்தன. அவற்றை வளர்த்தபோதுதான் வைரஸ் கண்ணில் பட்டது. இவோன் பார், பெர்ட் அச்சாங் ஆகியோரோடு அவர் எழுதிய கட்டுரை 1964இல் வந்தது.

நான் சொல்ல வந்தது அதற்கு அப்புறம் நடந்ததைத்தான். 1978இல் டெனிஸ் மாஸ், ஆலன் ரிக்கின்சன் முதலான ஆய்வாளர்கள் ஒரு சின்ன விஷயத்தைக் கவனித்தார்கள். ஒருவருடைய ரத்த வெள்ளணுக்களில் வைரஸைச் சேர்த்துவைத்தால் பி செல்கள் பெருகும். இதை நானும் வாராவாரம் பார்க்கிறேன். வெறும் கண்ணுக்கே தெரியும் அளவுக்குக் கொத்துக் கொத்தாகத் திரளும், சிவப்பாக இருந்த திரவம் மஞ்சளாகும். ஆனால் ஏற்கெனவே வைரஸ் இருந்தவரின் ரத்தமானால், சில வாரத்தில் அந்தக் கொத்துகள் கரைந்துபோகின்றன. வைரஸே படாதவரின் ரத்தத்தில் கரைவதில்லை. பழைய தொற்றை நினைவில் வைத்திருக்கும் டி செல்கள் தேடிப் பிடித்து அழிப்பதுதான் காரணம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்களுக்கு அந்தக் கொத்துகள் சாகாமல் வளர வேண்டும் என்றால், டி செல்களை முடக்க சைக்ளோஸ்போரின் சேர்ப்போம். உறுப்பு மாற்றிக்கொண்டவர்களுக்கு, புது உறுப்பை உடல் ஒதுக்கிவிடாமல் இருக்கக் கொடுக்கப்படும் அதே மருந்து. குடுவையில் நடப்பது சிலருக்கு உடலிலும் நடக்கிறது. காவல் விலகியதும் பி செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகி நிணநீர்ப் புற்றாகின்றன. குடுவைக்கும் நோயாளிக்கும் இருக்கிற இந்த ஒற்றுமையை முதலில் புரிந்துகொண்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

காரணம் தெரிந்ததால் வழியும் பிறந்தது. 1990களின் நடுவில் க்ளியோனா ரூனி, ஹெலன் ஹெஸ்லாப் ஆகிய ஆய்வாளர்கள் எலும்பு மஜ்ஜை மாற்றிக்கொண்ட குழந்தைகளுக்கு, மஜ்ஜை தந்தவரின் டி செல்களையே இந்த வைரஸுக்கு எதிராக வளர்த்து ஏற்றினார்கள். 9 ஆண்டுகள் கழித்தும் சிலரின் உடலில் அந்த டி செல்களின் தடயம் இருந்தது. முன்பின் தெரியாத ஒருவரின் டி செல்லை முன்கூட்டியே வளர்த்து, உறையவைத்து, தேவைப்படும் நோயாளிக்குக் கொடுக்கும் மருந்துக்கு ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது 2022 டிசம்பரில். குடுவையில் கொத்து கரைந்ததற்கும் இதற்கும் இடையில் 44 ஆண்டுகள்.

1978இல் மாஸும் ரிக்கின்சனும் விண்ணப்பத்தின் அந்தக் கட்டத்தில் என்ன எழுதியிருப்பார்கள்?

மக்கள் பணத்துக்குக் கணக்குக் கேட்பது உங்கள் கடமை, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 3 ஆண்டில் கிடைக்கும் பலனைக் கேட்டால், நாங்கள் 3 ஆண்டில் முடிகிற கேள்விகளையே எடுப்போம். அதற்குப் பதிலாக, எது இன்னும் புரியவில்லை, அது புரிந்தால் எந்தக் கதவு திறக்கும் என்று கேளுங்கள். ஒரு விஞ்ஞானியை எடைபோடும்போது அவர் கட்டுரைகளை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்ற எண்ணிக்கையோடு நிற்க வேண்டாம். அவர் கண்ட முறையை இன்று யார் யார் கையில் எடுத்து வேலை செய்கிறார்கள் என்றும் விசாரியுங்கள். சில ஆய்வுகளுக்காவது 10 ஆண்டுத் தொடர்ச்சி கொடுங்கள். இந்த வைரஸுக்கு இன்னும் ஒரு தடுப்பூசி பயன்பாட்டுக்கு வரவில்லை. தண்டுவட மரப்பு நோய்க்கும் (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்) இந்த வைரஸுக்கும் வலுவான தொடர்பு இருப்பது 2022இல்தான் தெளிவாகியது.

என் இன்குபேட்டரில் இப்போது ஏழு வாரமான குடுவை ஒன்று இருக்கிறது. வைரஸ் இருந்தவரின் ரத்தம், டி செல்களும் இருக்கின்றன, இருந்தும் கொத்துகள் கரையவில்லை. ஏன் என்று தெரியவில்லை. அடுத்த விண்ணப்பத்தில் அதைத்தான் எழுதப்போகிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஆய்வாளர்