ஆபரேஷன் தள்ளிப்போனால் வார்டுக்குச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் என் அம்மாவுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன். வயது 68. "காலையில் முதல் கேஸ், ராத்திரி 10 மணிக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது" என்றார்கள் வார்டில். அம்மா பயந்த சுபாவம். 8 மணிக்கே இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டார். காலையில் அவசர கேஸ் வந்துவிட்டது. அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அம்மாவைத் தியேட்டருக்குள் கொண்டுபோனபோது மணி மாலை மூன்றரை. 19 மணி நேரத்துக்கு மேல் தொண்டை நனையவில்லை. நாக்கு ஒட்டிக்கொண்டு பேச்சு குழறியது. ட்ரிப்ஸ் ஏற்ற நரம்பு கிடைக்காமல் சிஸ்டர் மூன்று இடத்தில் குத்தினார். கைக்குட்டை நுனியை நனைத்து, யாரும் பார்க்காத நேரமாக அம்மாவின் உதட்டில் ஒற்றினேன்.

மறுநாள் மயக்க டாக்டரிடம் கேட்டேன். பொறுமையாக விளக்கினார். மயக்கத்தில் இரைப்பையில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. 1946இல் மெண்டல்சன் என்ற அமெரிக்க டாக்டர் பிரசவத்துக்கு மயக்கம் கொடுத்த பெண்களிடம் இதைக் கண்டு எழுதினார். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் தண்ணீர் சோறு மாதிரி வயிற்றில் தங்காது. அதனால் லேசான சாப்பாட்டை 6 மணி நேரம் முன்பும், கறி, எண்ணெய்ப் பலகாரத்தை 8 மணி நேரம் முன்பும் நிறுத்த வேண்டும். தண்ணீரை 2 மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம். கடுங்காப்பியும் தண்ணீர்க் கணக்குதான், பால் விட்டால் சாப்பாட்டுக் கணக்கு. அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் சங்கம் 1999இலேயே இதைச் சொல்லிவிட்டது. நம் நாட்டுச் சங்கமும் 2020இல் சொல்லியிருக்கிறது. குடல் அடைப்பு, நாள்பட்ட சர்க்கரையால் இரைப்பை மந்தமானவர்கள் போன்றோருக்கு மட்டும் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

அப்புறம் ஏன் எல்லாருக்கும் ஒரே 10 மணி? வரிசை மாறியது தியேட்டரில் இருந்தவர்களுக்குக் காலை 8 மணிக்கே தெரியும். "இந்த அம்மாவுக்கு இன்னும் 5 மணி நேரமாவது ஆகும், ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள்" என்று வார்டுக்கு ஒரு போன் போதுமே. இதை ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் கட்டாயமாக்கச் சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும். துணைக்கு இருப்பவர்களும், "தண்ணீர் எத்தனை மணி வரைக்கும் கொடுக்கலாம்?" என்று முதல் நாளே மயக்க டாக்டரிடம் கேட்டு வையுங்கள். எனக்கு அது தெரியாமல் போய்விட்டது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை